பழுதடைந்த ஒலிப்பதிவுக் கருவியும் நான் கற்ற பாடமும்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் உங்களிற் பலருக்கு மின்னியல் அலகு சற்றுக் கடினமானதாகத் தோன்றலாம். உருகி, இருவாயி, நிலைமாற்றி, குறுஞ்சுற்று என்ற சொற்களுக்கு வரைவிலக்கணம் பாடமாக்கியிருப்பீர்கள். ஆயினும் வினாத்தாளில் ஒரு சுற்று வரிப்படம் வந்தவுடன் கை தயங்கும். தரம் 11இல் நானும் அவ்வாறே இருந்தேன். அச்சொற்களை எனக்கு விளங்கவைத்தது நானே பழுதாக்கிய ஓர் ஒலிப்பதிவுக் கருவி. அது கற்பித்த வேறொன்றும் உண்டு. அதற்கு எந்தப் பரீட்சையிலும் புள்ளி கிடையாது. இரண்டையும் இங்கு எழுதுகிறேன்.

மாமாவின் பின்னறை

அது 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பாடசாலை விடுமுறைக் காலம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டின் பின்னறையை மாமா ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருந்தார். சுவர்களில் நெற்சாக்குகளும் பழைய கம்பளிகளும் தொங்கின. வெறுஞ் சுவரிற் பட்டு ஒலி தெறித்தால் பதிவில் எதிரொலி கேட்கும். மென்மையான பொருள்கள் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை மாமாதான் முதலிற் சொல்லித்தந்தார். உடைந்த மின்விசிறி ஒன்றின் தண்டில் ஒலிவாங்கியைக் கட்டியிருந்தார். நடுவே ஒரு சிறிய மேசை. அதன்மேல் கசற் ஒலிப்பதிவுக் கருவி.

அந்தக் கருவி மாமாவுக்கு உயிர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டிலிருந்த கசற்றுகள், ஒளிப்படங்கள், கொப்பிகள் யாவும் அங்கேயே விடப்பட்டன. திரும்பி வந்தபோது அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "வீட்டைத் திருப்பிக் கட்டலாம், குரலைத் திருப்பிக் கட்டேலாது" என்று மாமா அடிக்கடி சொல்லுவார். அதனாலேதான் அம்மம்மா பாடும் பழைய பாடல்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார். அருவி வெட்டும்போது பாடுபவை, தாலாட்டு, ஊஞ்சற் பாட்டு என அம்மம்மாவுக்குப் பல தெரியும். அவற்றில் எதுவும் எழுத்தில் இல்லை. அம்மம்மாவுக்கு அப்போது வயது 81. நினைவு சில நாட்களில் தெளிவாக இருக்கும். சில நாட்களில் என் பெயரும் மறந்துபோகும்.

கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு மாமா நான்கு பாடல்களைப் பதிந்தார். பிரதி எடுத்துக் கனடாவிலுள்ள பெரியம்மாவுக்கு அனுப்புவது அவருடைய எண்ணம். புறப்படும்போது அறைத் திறப்பை என்னிடம் தந்து, "மழை பெய்தால் யன்னலைச் சாத்து. கருவியிலை கை வைக்காதை" என்றார்.

அவசரத்தில் செய்த பிழை

ஏழாம் நாள் பின்னேரம் அம்மம்மா திண்ணையில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார். "மோனை, இன்னொண்டு நினைவு வந்திட்டுது. என்ரை அம்மா படிக்கிற பாட்டு. மறக்கிறதுக்கு முதல் பிடி" என்றார்.

மாமாவின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. ஆனால் இந்தப் பாட்டு நாளைக்கு இருக்குமோ என்ற எண்ணம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அம்மம்மாவைக் கையிற் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிச் சென்று கதிரையில் இருத்தினேன். கருவியின் ஆளியைப் போட்டேன். சிவப்பு ஒளி மங்கலாக எரிந்து அணைந்தது. உள்ளிருந்த ஆறு மின்கலங்களும் தீர்ந்துவிட்டன. மாமாவின் அடப்ரரைத் தேடி எடுத்தேன். அதன் வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது.

அடுத்த அறையில் தங்கையின் சிறிய இசைப்பலகை கிடந்தது. அதற்கும் ஓர் அடப்ரர் உண்டு. அதன் முனையை எடுத்துக் கருவியின் துளையிற் செருகிப் பார்த்தேன், அச்சொட்டாகப் பொருந்தியது. பொருந்துகிறது என்றால் சரியானது என்று எண்ணிச் சுவராளியைப் போட்டேன். "டிக்" என்று மிகச் சிறிய சத்தம். அவ்வளவுதான். ஒளியும் இல்லை, ஓட்டமும் இல்லை.

இங்கு சற்று நின்று நான் செய்த பிழையைப் பாருங்கள். மாமாவின் கருவிக்குத் தேவையானது 9 வோல்ற்று நேரோட்டம். 1.5 வோல்ற்று மின்கலங்கள் ஆறு தொடராக இணைந்தால் கிடைப்பதும் அதே 9 வோல்ற்றுத்தான். இசைப்பலகையின் அடப்ரரோ 12 வோல்ற்று. இது முதலாவது பிழை. இரண்டாவது பிழை இதைவிடப் பாரதூரமானது. இவ்வகை வட்டச் செருகிகளில் நடுத்துளை ஒரு முடிவிடம், வெளி உறை மற்றைய முடிவிடம். சிலவற்றில் நடுப்பகுதி நேர் முடிவிடமாகவும், சிலவற்றில் மறை முடிவிடமாகவும் இருக்கும். எது எதுவென்பது அடப்ரரிலும் கருவியிலும் சிறு படமாக அச்சிடப்பட்டிருக்கும்: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரு பக்கமும் நேர், மறைக் குறிகள். மாமாவின் கருவியில் நடுப்பகுதி நேர். இசைப்பலகையின் அடப்ரரில் நடுப்பகுதி மறை. நான் மின்னைத் தலைகீழாகக் கொடுத்திருந்தேன். அச்சிறு படத்தை வாசிக்க ஐந்து செக்கன் போதும். அந்த ஐந்து செக்கனை நான் செலவிடவில்லை.

அம்மம்மாவுக்கு இவை எதுவும் தெரியாது. "தொடங்கட்டோ?" என்று கேட்டார். கருவி செத்துவிட்டது என்று சொல்ல என் நா எழவில்லை. "ஓம்" என்றேன். அம்மம்மா கண்களை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடி முடித்தார். நான் எரியாத சிவப்பு ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு என்ன சொல்வது என்பதைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை.

"பதிஞ்சுதோ மோனை?"

"ஓம் அம்மம்மா."

அன்று நான் சொன்ன முதற் பொய் அது.

கண்மூடித்தனமான திருத்தம்

அன்றிரவு நான் செய்தவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதே அடப்ரரைத் திரும்பத் திரும்பக் கழற்றிச் செருகினேன். எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினேன். கருவியின் பக்கத்திற் தட்டியும் பார்த்தேன். காரணம் தெரியாமல் செய்யும் எந்தச் செயலும் திருத்தம் ஆகாது. பெரும்பாலும் அது இரண்டாவது பழுதுக்கு வழி.

மறுநாள் காலை ஆறு புதிய மின்கலங்கள் வாங்கிவந்து போட்டேன். கருவி அசையவில்லை. தற்செயலாக நான் செய்த ஒரேயொரு சரியான சோதனை அதுதான். புதிய மின்கலத்திலும் இயங்காவிட்டால் குறை அடப்ரரிலோ சுவரிலோ இல்லை, கருவியின் உள்ளே இருக்கிறது என்று பொருள். ஒரு தொகுதியை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதியில் குறை உள்ளது என்று அறிவதே பழுது தேடலின் முதற் படி. அதை நான் விளங்கிச் செய்யவில்லை என்பது வேறு விடயம்.

பின்னர் மின்கலங்களை எடுத்துவிட்டுக் கருவியைத் திறந்தேன். நீளமானவையும் கட்டையானவையுமாக ஒன்பது திருகாணிகள். எது எங்கிருந்தது என்று குறிக்காமல் ஒரே சிரட்டைக்குள் போட்டேன். உள்ளே மின்செருகு துளைக்கு அருகில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதன் முனையில் அரை அம்பியர் என்று குறித்திருந்தது. குழாயின் உட்புறம் கறுத்துப்போய், நடுவிலிருந்த மெல்லிய கம்பி காணாமற் போயிருந்தது. உருகி!

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பாடப்புத்தகத்திற் படித்த பொருளைக் கண்ணாற் கண்டதும் குறையைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் உருகி எரிந்தது குறையின் விளைவு மட்டுமே. கண்ணாடி கறுத்துப்போகும் அளவுக்கு எரிந்தால் மிகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது என்று பொருள். அவ்வளவு மின்னோட்டம் ஏன் பாய்ந்தது? இந்தக் கேள்வியை நான் கேட்கவேயில்லை.

பக்கத்துக் கடையில் அந்த அளவு உருகி இல்லை. ஊரிற் பலர் செய்வதைப்போலச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்துக் கண்ணாடிக் குழாயைச் சுற்றி வைத்தேன். மாமாவின் அடப்ரரின் கடிபட்ட வயரையும் முறுக்கி இணைத்து நாடா ஒட்டினேன். இந்த முறை அச்சுப் படத்தை வாசித்தேன்; வோல்ற்றும் சரி, முடிவிடமும் சரி. நம்பிக்கையோடு சுவராளியைப் போட்டேன். கருவி இயங்கவில்லை. சில செக்கன்களில் அடப்ரர் கையைச் சுட்டது; பிளாத்திக்கு மணமும் எழும்பியது. பாய்ந்து ஆளியை நிறுத்தினேன்.

மாணவர்களே, உருகி என்பது சுற்றிலேயே வேண்டுமென்று பலவீனமாக வைக்கப்பட்ட இடம். ஆபத்தான மின்னோட்டம் வரும்போது அது தன்னை அழித்து மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. வெள்ளித்தாள் உருகாது. காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதைப் போன்ற வேலை அது. அன்று இன்னும் ஒரு நிமிடம் கவனிக்காமல் விட்டிருந்தால் மேசையும் சாக்குகளும் தீப்பற்றியிருக்கக்கூடும்.

திருத்துநர் கேட்ட முதற் கேள்வி

கருவியைத் துணியிற் சுற்றிச் சைக்கிளில் வைத்துப் பட்டணத்திலுள்ள வானொலி திருத்தும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். தொண்ணூறுகளில் மின்சாரமும் மின்கலமும் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி எங்கள் ஊரார் செய்தி கேட்ட காலத்திலும் வானொலிகளை உயிரோடு வைத்திருந்தவர்களில் அந்தக் கடைக்காரரும் ஒருவர். அவர் கருவியைத் தொடுவதற்கு முன் என்னைப் பார்த்து, "தம்பி, நீர் கடைசியா என்ன செய்தனீர்?" என்று கேட்டார்.

"ஒண்டும் செய்யேல்லை அண்ணை. தானா நிண்டிட்டுது" என்றேன்.

அவர் எதுவும் பேசாமல் மூடியைக் கழற்றினார். உருகியின் பக்கத்திலிருந்து ஒரு சிறு வெள்ளித்தாள் துண்டை இடுக்கியால் எடுத்து மேசையில் என் முன்னால் வைத்தார். "மனிசர் பொய் சொல்லுவினம், பொருள் சொல்லாது. நடந்ததைச் சொன்னால் அரை மணித்தியாலத்திலை பாக்கலாம். சொல்லாட்டில் அரைநாள் தேடவேணும்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு தாளின் பின்புறத்தில் சுற்றை வரைந்து காட்டினார். அடப்ரரிலிருந்து வரும் நேர் வழியில் முதலில் உருகி இருக்கிறது. உருகிக்குப் பின், நேர் வழிக்கும் மறை வழிக்கும் குறுக்கே ஓர் இருவாயி இணைக்கப்பட்டிருக்கிறது. அதன் கதோட்டு நேர் பக்கம், அனோட்டு மறைப் பக்கம். மின் சரியான திசையில் வந்தால் இருவாயி பின்முகக் கோடலில் இருக்கும். அதனூடாக மின்னோட்டம் பாயாது. யாராவது முடிவிடங்களை மாற்றி இணைத்தால் அதே இருவாயி முன்முகக் கோடலுக்கு வந்துவிடும். மின்னோட்டம் முழுவதும் அதனூடாகப் பாயும், உருகி எரியும், உள்ளேயுள்ள பெறுமதியான பகுதிகளுக்கு ஆபத்து வராது.

"உம்மைப்போல ஆக்களுக்காகத்தான் இதைப் போட்டிருக்கிறாங்கள்" என்று சிரித்தார்.

"அப்ப சரியான அடப்ரர் போட்டும் ஏன் அண்ணை சூடானது?"

"அதுதான் சரியான கேள்வி" என்றவர் பல்மானியை எடுத்தார். இருவாயியின் ஒரு காலைப் பற்றாசிலிருந்து விடுவித்தார். சுற்றோடு சேர்ந்திருக்கும்போது அளந்தால் சமாந்தரமாக உள்ள வேறு பகுதிகள் வாசிப்பைக் குழப்பும் என்று விளக்கினார். நல்ல சிலிக்கன் இருவாயியாக இருந்தால் ஒரு திசையில் ஏறக்குறைய 0.6 வோல்ற்று காட்டவேண்டும். மறுதிசையில் மின் கடத்தாது. இதில் இரு திசையிலும் பூச்சியத்துக்குக் கிட்டவே காட்டியது. உருகி எரிவதற்கு முன் பாய்ந்த மின்னோட்டத்தில் இருவாயியும் பழுதாகி, ஒரு வெறுங் கம்பியாக மாறியிருந்தது. அதன் பின் எந்த அடப்ரரைக் கொடுத்தாலும் அது குறுஞ்சுற்றுத்தான். உருகியின் இடத்தில் வெள்ளித்தாள் இருந்ததால் அந்த மின்னோட்டத்தை நிறுத்த எதுவும் இருக்கவில்லை; அடப்ரர் சூடானது.

1 அம்பியர் தாங்கும் 1என்4001 என்ற புதிய இருவாயியை, வெள்ளை வளையம் உள்ள கதோட்டு முனை நேர் பக்கம் வரும்படி வைத்துப் பற்றாசு பிடித்தார். அரை அம்பியர் உருகி ஒன்றைப் போட்டார். உடனே மின் கொடுக்கவில்லை. முதலில் இரு வழிகளுக்குமிடையே தடையை அளந்து குறுஞ்சுற்று நீங்கிவிட்டதை உறுதிப்படுத்தினார். அதன் பிறகே ஆளியைப் போட்டார். சிவப்பு ஒளி எரிந்தது. தன் கசற் ஒன்றைப் போட்டு ஓடவிட்டார், பாட்டுக் கேட்டது.

உள்ளே இருந்த அம்மம்மாவின் கசற்றை அவர் முதலிலேயே எடுத்துப் புறம்பாக வைத்திருந்தார். அதை என் கையிற் தந்து, "ஒலிவாங்கி இஞ்சை இல்லை. பதியுதோ எண்டு வீட்டை போய்ப் பாரும். வேறை கசற்றிலை பாரும்" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் கேட்கவில்லை.

மூன்று நிமிடம்

வீட்டுக்கு வந்ததும் அம்மம்மாவின் கசற்றைப் போட்டேன். முதலாவது பாட்டு, இரண்டாவது பாட்டு. குரல் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் நிறுத்தினேன். இனிப் பதிவும் சரியோ என்று பார்த்துவிட்டால் மாமாவுக்கு எதுவுமே சொல்லத் தேவையில்லை. ஒலிவாங்கியை இணைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். "ஒண்டு, இரண்டு, மூண்டு" என்று எண்ணினேன். கிட்ட நின்று எண்ணினேன், தள்ளி நின்று எண்ணினேன், மெதுவாகவும் பலமாகவும் எண்ணினேன். மூன்று நிமிடம் சென்றிருக்கும். நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி ஓடவிட்டேன். என் குரல் மிகத் தெளிவாகக் கேட்டது. பதிவு சரி.

அதன் பிறகுதான் விளங்கியது. அந்த இடத்தில் இருந்தது அம்மம்மாவின் மூன்றாவது பாட்டு.

கசற் நாடாவில் இரும்பொட்சைட்டுப் போன்ற காந்தமாக்கக்கூடிய நுண் துணிக்கைகள் பூசப்பட்டிருக்கின்றன. ஒலிவாங்கியில் உண்டாகும் மின் சைகை பெருக்கப்பட்டு, பதிவுத் தலையிலுள்ள சுருளினூடாகப் பாய்ந்து, அத்துணிக்கைகளை ஒலிக்கு ஏற்றவாறு காந்தமாக்குகிறது. ஆனால் பதிவுப் பொத்தானை அழுத்தும்போது நாடா முதலில் வேறொரு தலையைக் கடந்தே வருகிறது. அது அழிக்கும் தலை. முன்பிருந்த காந்தப் பதிவை அது துடைத்துவிடும். துடைக்கப்பட்டதை மீட்க வீட்டிலோ கடையிலோ வழியில்லை. கசற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் நகர்கிறது. 180 செக்கனுக்குக் கணக்கிட்டால் 856.8 சென்ரிமீற்றர். எட்டரை மீற்றர் நாடாவிலிருந்த அம்மம்மாவின் குரலை நான் "ஒண்டு, இரண்டு, மூண்டு" என்று சொல்லியே அழித்திருந்தேன்.

பிழையான அடப்ரரால் வந்த பழுதை ஓர் இருவாயியும் ஓர் உருகியும் தீர்த்துவிட்டன. அவற்றின் விலை மிக அற்பம். ஈடுசெய்ய முடியாத இழப்பு, திருத்தம் முடிந்த பின்னர், நான் மகிழ்ச்சியாக இருந்த நேரத்தில் நடந்தது.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அம்மம்மாவிடம் போனேன். மூன்றாவது பாட்டை அழித்துவிட்டதையும், அன்று பாடிய பாட்டு பதியப்படவேயில்லை என்பதையும், பதிந்ததாகப் பொய் சொன்னதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மம்மா சிறிது நேரம் யோசித்தார். "அண்டைக்குப் படிச்சது பதியாட்டில் என்ன, நீ பக்கத்திலை இருந்து கேட்டனியெல்லே?" என்றார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நான் கேட்கவில்லை. அம்மம்மா ஓர் அடி தூரத்தில் இருந்து பாடினார். நான் எரியாத ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அடியாவது நினைவில் இல்லை.

மாமா வந்த பின்

மூன்றாம் நாள் மாமா வந்தார். பயணப் பையை இறக்கி வைக்குமுன்பே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பின்னறைக்குள் போய்க் கசற்றை முதலிலிருந்து கேட்டார். என் எண்ணும் குரல் வந்தபோது நான் தலைகுனிந்து நின்றேன். கேட்டு முடிந்ததும் கசற்றை வெளியே எடுத்து, பேனை முனையால் அதன் மேல் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாத்திக்குத் தகடுகளையும் உடைத்தார். அவற்றை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் அழுந்தாது. தவறுதலாக எவரும் அழிக்க முடியாது.

"இதைப் பதிஞ்ச அண்டைக்கே நான் உடைச்சிருக்கவேணும். பிரதியும் எடுக்கேல்லை. பிழை உன்னிலை மட்டுமில்லை" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னர் வேறொரு கசற்றில் மூன்றாவது பாட்டை மறுபடி பதிய முயன்றோம். அம்மம்மா பாதிவரை பாடினார், மிகுதி வரவில்லை. அந்தப் புதிய பாட்டின் தொடக்கமே நினைவுக்கு வரவில்லை. 2004ஆம் ஆண்டு அம்மம்மா காலமானார்.

பின்பு நான் அந்தக் கசற்றைக் கணினிக்கு மாற்றி, மூன்று இடங்களில் பிரதி வைத்திருக்கிறேன். பெரியம்மாவிடமும் ஒன்று இருக்கிறது. இரண்டாவது பாட்டுக்குப் பின் ஒரு பையன் "ஒண்டு, இரண்டு, மூண்டு" என்று எண்ணுவான். திடீரென அவன் குரல் அறுந்து, மூன்றாவது பாட்டின் கடைசி அடிகளோடு அம்மம்மா வருவார். அந்தப் பகுதியை வெட்டிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். மாமா சம்மதிக்கவில்லை. நானும் வெட்டவில்லை. மின்னியல் அலகு தொடங்கும்போது அதை என் வகுப்பில் ஒருமுறை போட்டுக் காட்டுவேன்.

மனத்திற் கொள்ளவேண்டியவை

இன்று உங்கள் வீடுகளில் கசற் கருவி இருப்பது அரிது. கைத்தொலைபேசியிலேயே பாட்டியின் பாட்டைப் பதிந்துவிடலாம். ஆனாலும் ஒரு விரல் தவறினால் அழிந்துபோவது இன்றும் அப்படியே இருக்கிறது. ஆகவே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. எந்தக் கருவிக்கும் மின் கொடுக்குமுன் வோல்ற்றளவு, மின்னோட்டம், நேர் மறை முடிவிடங்கள் ஆகிய மூன்றையும் வாசியுங்கள். செருகி பொருந்துவது சான்றாகாது. பரீட்சையிலும் வினாவை முழுமையாக வாசிக்குமுன் விடை எழுதத் தொடங்காதீர்கள்.

2. பழுது ஏற்பட்டால் முதலில் மின்னைத் துண்டியுங்கள். அடுத்து, இழக்க முடியாத பொருளை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அதன் பின்னரே பழுதைத் தேடுங்கள்.

3. குறை எந்தப் பாதியில் உள்ளது என்று பிரித்தறியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்; செய்ததை எழுதி வையுங்கள்.

4. விளைவைக் காரணமாக எண்ணாதீர்கள். உருகி எரிந்தால் அது ஏன் எரிந்தது என்று கேளுங்கள். உருகியின் இடத்தில் வேறெதையும் வைக்காதீர்கள்.

5. 230 வோல்ற்று ஆடலோட்டத்தோடு நேரடியாக இணையும் கருவிகளை நீங்கள் திறக்கவேண்டாம். மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் ஏற்றம் தங்கியிருக்கும். அனுபவம் உள்ளவரிடம் கொண்டு செல்லுங்கள்.

6. உதவி கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பொய்யான தகவலிலிருந்து எவராலும் சரியான முடிவுக்கு வர முடியாது.

ஏழாவதாக ஒன்றும் உண்டு. யாராவது உங்கள் முன் இருந்து பாடினால், கருவி ஓடுகிறதோ இல்லையோ, நீங்கள் கேளுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. புதிய மின்கலங்களைப் போட்டும் கருவி இயங்காமையிலிருந்து பெறக்கூடிய முடிவு யாது?

2. உருகிக்குப் பின் இணைக்கப்பட்ட இருவாயி கருவியை எவ்வாறு பாதுகாத்தது? வரிப்படத்துடன் விளக்குக.

3. சரியான அடப்ரரை இணைத்தபோதும் அது சூடேறியமைக்குக் காரணம் கூறுக.

4. ஒரு பக்கம் 30 நிமிடம் ஓடும் கசற்றின் நாடா நீளத்தை மீற்றரிற் கணிக்க.

5. "பிழை உன்னிலை மட்டுமில்லை" என்று மாமா கூறியது சரியெனக் கருதுகிறீர்களா? உமது கருத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.